‘அன்கைண்ட்’ என்ற சொல்லை அன்றாட ஆங்கிலத்தில் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி காந்தி நகரில் மாலை வேளைகளில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். செவிலியர்கள், மருந்துக் கடை ஊழியர்கள், விடுதி நடத்துபவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், இராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல் மற்றும் காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஆண்டு முழுவதும் மக்கள் வேலூருக்கு வந்து தங்குவதால், இங்கே ஆங்கிலம் தேர்வுக்குப் படிக்கும் பாடமாக மட்டும் இருப்பதில்லை. நோயோடும் கவலையோடும் வந்திருப்பவர்களிடம் பேசும் மொழியாகவும் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ‘அன்கைண்ட்’ என்ற சிறிய பெயரடை தவறாக வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் சரியான பொருள் என்ன?

‘கைண்ட்’ என்றால் அன்பான, பரிவுள்ள என்று பொருள். அதன் முன்னே ‘அன்’ சேர்ந்தால் எதிர்ப்பொருள் வரும். ஆகவே அகராதிகள் ‘அன்பற்ற’, ‘பரிவற்ற’ என்று பொருள் தருகின்றன. அது தவறில்லை, ஆனால் போதாது. நேதாஜி மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது கடைக்காரர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் மீதிச் சில்லறையைக் கொடுத்தால், அங்கே அன்பு இல்லைதான். ஆனால் யாரும் அதை ‘அன்கைண்ட்’ என்று சொல்லமாட்டார்கள். அந்தச் சொல் வருவதற்கு ஒரு மனம் நோக வேண்டும். இன்னொருவரின் நிலையை நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவர், அப்படி நினைக்காமல் பேசினார் அல்லது நடந்துகொண்டார் என்பதே அதன் உட்பொருள்.

பழந்தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ஒன்று உண்டு. ‘இனிய உளவாக இன்னாத கூறல்’ என்று நூறாவது குறள் தொடங்குகிறது அல்லவா, அந்த ‘இன்னாத’ என்பதுதான். (நம் பக்கத்தில் ‘என்ன’ என்பதை ‘இன்னா’ என்று சொல்வது வேறு, இது வேறு.) இனிய சொல் கைவசம் இருக்கும்போது அதை விட்டுவிட்டுக் கேட்பவரை வருத்தும் சொல்லைச் சொல்வது என்று குறள் காட்டும் நிலையும், ஆங்கிலேயர் ‘ஆன் அன்கைண்ட் வேர்ட்’ என்று சொல்லும் நிலையும் ஒன்றே.

இதை எப்படி உச்சரிக்க வேண்டும்?

நமக்கு இதில் இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும்.

முதலாவது, நடுவில் வரும் ககரம். தமிழில் மெல்லெழுத்தை அடுத்து வரும் வல்லெழுத்து மென்மையாக ஒலிக்கும். ‘பக்கம்’ என்பதில் உள்ள ககரத்தையும் ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரத்தையும் சொல்லிப் பாருங்கள். இரண்டும் வேறு ஒலிகள். ‘அன்’ என்பதை அடுத்துக் ‘கைண்ட்’ வரும்போது நம் நாக்கு பழக்கத்தால் ‘தங்கம்’ ககரத்துக்குப் போய்விடுகிறது. வர வேண்டியது ‘பக்கம்’ ககரம். ‘அன்’ என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தி, பிறகு ‘கைண்ட்’ என்று அழுத்திச் சொல்லிப் பழகுங்கள். சொல்லின் அழுத்தமும் அந்த இரண்டாம் அசையின் மேல்தான் விழ வேண்டும்.

இரண்டாவது, கடைசி எழுத்து. ‘வண்டி’ என்பதில் வரும் டகரத்தைப் போல ஒலித்து, அத்துடன் நிறுத்திவிட வேண்டும். ‘கைண்டு’ என்று ஓர் உகரத்தைச் சேர்த்து இழுப்பதைத் தவிர்க்க வேண்டும்.

‘யூ ஆர் அன்கைண்ட்’ என்று சொல்வதில் இலக்கணப் பிழை இல்லையே. ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

இலக்கணப் பிழை இல்லை என்பது உண்மை. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்: இந்தச் சொல்லை ஆளின் மேல் வைக்காதீர்கள், அவர் செய்த செயலின் மேல் வையுங்கள்.

ஆற்காட்டிலிருந்து வகுப்புக்கு வந்த ஒரு பெண் ஒரு காலணித் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். ஒரு நாள் அவருடைய மேலதிகாரி, எல்லோரும் நின்றிருக்கும்போது, ‘இந்த வேலை உனக்குச் சரிப்பட்டு வராது’ என்று சொல்லிவிட்டார். அன்றிரவு அந்தப் பெண் அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அதன் முதல் வரி: ‘சார், யூ ஆர் ஆன் அன்கைண்ட் பெர்சன்.’ மறுநாள் காலையில் அந்த அதிகாரி அவரைக் கூப்பிட்டு, ‘ஏம்மா, அவ்வளவு ஈரமில்லாத ஆளா நான்?’ என்று கேட்டிருக்கிறார். கோபத்தைவிட அவர் முகத்தில் வருத்தம்தான் தெரிந்ததாம். அதன் பிறகு பல நாட்கள் இருவருக்கும் இடையே பேச்சு இல்லை.

‘இன்னா டீச்சர், நான் அவரு பேசினதத்தானே சொன்னேன்?’ என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். அவர் மனத்தில் நினைத்தது அதுதான். எழுதியது அது இல்லை. ‘யூ ஆர் ஆன் அன்கைண்ட் பெர்சன்’ என்றால் ‘நீங்கள் இயல்பிலேயே இரக்கமற்றவர்’ என்று பொருள். அன்று நடந்த ஒன்றைப் பற்றிய வருத்தம், ஒரு மனிதரின் முழு வாழ்க்கையின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பாக மாறிவிட்டது.

இதையே அவர் தமிழில் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார்? ‘நீங்க அப்படிப் பேசினது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு சார்’ என்றுதான் சொல்லியிருப்பார். ‘பேசினது’ என்ற அந்த ஒரு சொல்லில் குற்றம் ஆளை விட்டு விலகிச் செயலுக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது ‘தட் வாஸ்’ என்ற தொடக்கம். ‘சார், தட் வாஸ் அன்கைண்ட்.’ இவ்வளவுதான். தமிழில் நமக்கு இயல்பாகவே இருக்கும் இந்த நாகரிகத்தை ஆங்கிலத்துக்கு மாறும்போது கைவிட வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வடிவமும் இருக்கிறது: ‘யூ ஆர் பீயிங் அன்கைண்ட்.’ ‘நீங்கள் இப்போது கடுமையாக நடந்துகொள்கிறீர்கள்’ என்று பொருள். ‘பீயிங்’ என்பது சேர்ந்தவுடன், வழக்கமாக நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர் என்ற ஒப்புதலும் உள்ளே வந்துவிடுகிறது. கணவன் மனைவிக்குள்ளும் நண்பர்களுக்குள்ளும் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே சொல்வதற்கு ஏற்ற வடிவம் இது.

‘ஆஃப்’, ‘டு’, ‘அபௌட்’: எதை எங்கே சேர்ப்பது?

செய்தவரைக் குறிக்க ‘ஆஃப்’. செய்கைக்கு ஆளானவரைக் குறிக்க ‘டு’. யாரைப் பற்றி அல்லது எதைப் பற்றிப் பேசினார்களோ அதைக் குறிக்க ‘அபௌட்’.

‘இட் வாஸ் அன்கைண்ட் ஆஃப் ஹிம் டு லாஃப்.’ அவர் சிரித்தது பரிவற்ற செயல்.

‘தி மேனேஜர் வாஸ் அன்கைண்ட் டு தி ஓல்டு உமன்.’ மேலாளர் அந்த மூதாட்டியிடம் மனம் நோகும்படி நடந்துகொண்டார்.

‘தே வேர் அன்கைண்ட் அபௌட் மை இங்க்லிஷ்.’ என் ஆங்கிலத்தைப் பற்றி அவர்கள் புண்படும்படி பேசினார்கள்.

மூன்றாவது வாக்கியத்தை என் மாணவர்களில் பலர் வாழ்க்கையில் பட்டே கற்றிருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கும் நாட்களில் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

நம்மவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. ‘என்னோடு’, ‘என்னிடம்’ என்று மனத்தில் நினைத்துக்கொண்டு ‘அன்கைண்ட் வித் மி’ என்கிறார்கள். ‘டு மி’ என்பதே வழக்கு. ‘அவர் அப்படிச் செய்தது’ என்று நினைத்துக்கொண்டு ‘இட் வாஸ் அன்கைண்ட் ஃபார் ஹிம் டு டூ தட்’ என்கிறார்கள். ‘ஃபார்’ வந்தால் செய்தவர் யார், பாதிக்கப்பட்டவர் யார் என்றே தெரியாமல் போய்விடும். அங்கே ‘ஆஃப்’ வர வேண்டும்.

‘அன்கைண்ட்’, ‘அன்கைண்ட்லி’: எப்போது எது?

தமிழ் பேசுபவர்கள் மிக அதிகமாகத் தவறும் இடம் இது. அவர்கள் தவறுவதற்குத் தெளிவான ஒரு காரணமும் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பள்ளியில் நமக்கு ஓர் எளிய சூத்திரம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘ஆன’ என்று முடிந்தால் பெயரடை, ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை. ‘கடுமையான சொல்’ என்றால் ‘ஆன் அன்கைண்ட் வேர்ட்’. ‘கடுமையாகப் பேசினார்’ என்றால் ‘ஹி ஸ்போக் அன்கைண்ட்லி’. இதுவரை சூத்திரம் சரியாகவே வேலை செய்கிறது.

ஆனால் ‘அவர் பேச்சு கடுமையாக இருந்தது’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. இதிலும் ‘ஆக’ இருக்கிறதே என்று மாணவர் ‘ஹிஸ் வேர்ட்ஸ் வேர் அன்கைண்ட்லி’ என்று எழுதிவிடுகிறார். இது பிழை. தமிழில் ‘இரு’ என்ற வினையின் முன்னே ‘ஆக’தான் வரும், ஆங்கிலத்தில் அதே இடத்தில் பெயரடை வர வேண்டும். ‘ஹிஸ் வேர்ட்ஸ் வேர் அன்கைண்ட்’ என்பதே சரி.

ஆகவே தமிழ் வாக்கியத்தில் ‘ஆக’ இருக்கிறதா என்று பார்க்காதீர்கள்; அதன் பின்னே வரும் வினையைப் பாருங்கள். இருந்தது, தோன்றியது, பட்டது என்பவை போன்ற நிலையைச் சொல்லும் வினையாக இருந்தால் ‘அன்கைண்ட்’. பேசினார், நடத்தினார், சிரித்தார், எழுதினார் என்று ஒரு செயலைச் சொல்லும் வினையாக இருந்தால் ‘அன்கைண்ட்லி’.

‘ஹிஸ் வாய்ஸ் சவுண்டட் அன்கைண்ட்.’ அவர் குரல் கடுமையாகப் பட்டது.

‘ஷி வாஸ் ட்ரீட்டட் அன்கைண்ட்லி.’ அவர் பரிவில்லாமல் நடத்தப்பட்டார்.

‘லுக்’ என்ற வினை இரண்டு பக்கமும் நிற்கும். ‘ஹி லுக்டு அன்கைண்ட்’ என்றால் அவரைப் பார்த்தால் இரக்கமற்றவர் போலத் தோன்றியது என்று பொருள். ‘ஹி லுக்டு அன்கைண்ட்லி அட் மி’ என்றால் அவர் என்னைக் கடுகடுவென்று பார்த்தார் என்று பொருள். முதலாவதில் பார்ப்பவர் நாம். இரண்டாவதில் பார்ப்பவர் அவர்.

மனுக்களில் ‘கைண்ட்லி’ என்று எழுதுகிறோமே, ‘அன்கைண்ட்லி’ அதன் எதிர்ச்சொல்லா?

இல்லை. தாலுகா அலுவலகத்துக்கோ வங்கிக்கோ எழுதும்போது ‘கைண்ட்லி’ என்று நாம் சேர்ப்பது ‘தயவுசெய்து’ என்ற பொருளில். அந்தப் பொருளுக்கு எதிர்ச்சொல்லே கிடையாது. ‘அன்கைண்ட்லி’ என்பது ‘பரிவோடு’ என்ற பழைய பொருளுக்கு மட்டுமே எதிர்.

இன்னொரு வழக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ‘ஹி டிட் நாட் டேக் கைண்ட்லி டு மை ஸஜெஷன்’ என்றால், நான் சொன்ன யோசனை அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருள். அவர் கடிந்து பேசினார் என்று பொருள் கொள்ளக் கூடாது.

‘ஹி அன்கைண்டட் மி’ என்று வினையாக்கலாமா?

ஆக்க முடியாது. இது பெயரடை மட்டுமே. வினை வேண்டுமென்றால் ‘ஹி ஹர்ட் மி’ அல்லது ‘ஹி ஹர்ட் மை ஃபீலிங்ஸ்’ என்று சொல்லுங்கள்.

இதன் முன்னே ‘எ’ வருமா, ‘ஆன்’ வருமா?

உயிரொலியில் தொடங்குவதால் ‘ஆன்’ வரும்: ‘ஆன் அன்கைண்ட் ரிமார்க்’. வியப்போ வருத்தமோ கலந்து சொல்லும்போது ‘சச் ஆன் அன்கைண்ட் ரிமார்க்’ என்று வரும். பெயர்ச்சொல் இல்லாமல் நின்றால் ‘ஸோ அன்கைண்ட்’. ‘ஸோ ஆன் அன்கைண்ட் ரிமார்க்’ என்று இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

‘ரூட்’, ‘மீன்’, ‘ஹார்ஷ்’, ‘க்ரூயல்’ ஆகியவற்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

‘ரூட்’ என்பது மரியாதை பற்றியது. வரிசையில் முந்திக்கொண்டு போவது, பெரியவரை ஒருமையில் அழைப்பது, பேச்சை இடைமறிப்பது ஆகியவை ‘ரூட்’. ‘அன்கைண்ட்’ என்பது மனம் பற்றியது. முழு மரியாதையோடு, ‘சார்’, ‘மேடம்’ எல்லாம் சேர்த்து, ஒருவரை அழவைக்கும்படி பேச முடியும். அது ‘ரூட்’ இல்லை, ‘அன்கைண்ட்’. நம் ஊர்க் கடைத்தெருவில் உரத்த குரலில் வெடுக்கென்று பேசுபவர்கள் பலர் வெளியூர்க்காரர்களுக்கு ‘ரூட்’ ஆகத் தெரிவார்கள். அவர்களே நோயாளியின் உறவினருக்குக் கேட்காமலேயே வழி காட்டி, ஆட்டோவுக்குப் பேரம் பேசியும் ஏற்றிவிடுவார்கள். அவர்களை யாரும் ‘அன்கைண்ட்’ என்று சொல்ல முடியாது.

‘மீன்’ என்பது குழந்தைகளும் இளைஞர்களும் அதிகம் பயன்படுத்தும் பேச்சுச் சொல். அமெரிக்கர்கள் இதையே பெரும்பாலும் சொல்வார்கள். பிரிட்டிஷ் வழக்கில் இதற்குக் ‘கஞ்சத்தனமான’ என்ற பொருளும் இருப்பதால் இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். ‘ஹார்ஷ்’ என்பது கண்டிப்பு அளவுக்கு மீறிப் போனதைக் குறிக்கும். சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், சொன்ன விதம்தான் கடுமை.

‘க்ரூயல்’ என்பது கொடூரம். ‘அன்கைண்ட்’ என்பது அன்றாட வாழ்க்கையின் அளவுக்கு உரிய சொல் என்பதையும், பெரிய கொடுமைக்கு அதைப் பயன்படுத்தினால் அந்தக் கொடுமையையே சிறிதாக்கிவிடுவோம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு முறை பள்ளி மாணவர் ஒருவர் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சி பற்றிய கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். ‘தி பிரிட்டிஷ் வேர் அன்கைண்ட் டு தி சிப்பாய்ஸ்’ என்று அதில் எழுதியிருந்தார். நெற்றிக்குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதிய வகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று உத்தரவிட்டதை ‘இன்சென்சிடிவ்’ என்று சொல்லலாம்; சிப்பாய்களின் சமய உணர்வை மதிக்காத உத்தரவு அது. ஆனால் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கோட்டையை மீட்ட பிறகு, பிடிபட்ட சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதை ‘அன்கைண்ட்’ என்று எழுதுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி. அதற்கு ‘ப்ரூடல்’ என்றோ ‘க்ரூயல்’ என்றோதான் எழுத வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். தினமும் அந்தக் கோட்டையைச் சுற்றி நடந்து போகிற பிள்ளை அவர், உடனே புரிந்துகொண்டார்.

‘அன்கைண்டர்’, ‘அன்கைண்டஸ்ட்’ என்று ஒப்பிட்டுச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அன்றாடப் பேச்சில் ‘மோர் அன்கைண்ட்’ என்பதே காதுக்கு இயல்பாக இருக்கும். ‘மோர் அன்கைண்டர்’ என்று இரண்டையும் சேர்க்கக் கூடாது.

அப்படியானால் ஷேக்ஸ்பியர் ‘தி மோஸ்ட் அன்கைண்டஸ்ட் கட் ஆஃப் ஆல்’ என்று எழுதியிருக்கிறாரே என்று இலக்கியம் படித்த சிலர் கேட்பதுண்டு. ஜூலியஸ் சீசர் நாடகத்தில், நண்பன் புரூட்டஸ் குத்திய குத்தைப் பற்றி ஆண்டனி சொல்லும் வரி அது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அழுத்தத்துக்காக ‘மோஸ்ட்’, ‘எஸ்ட்’ இரண்டையும் சேர்க்கும் இரட்டை உச்ச நிலை வழங்கியது. இன்று அது வழக்கில் இல்லை. நெருங்கியவர் செய்த துரோகத்தை இன்றும் ‘தி அன்கைண்டஸ்ட் கட்’ என்று சொல்கிறார்கள்.

மனிதர் அல்லாதவற்றுக்கும் இதைச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம், பேச்சுக்கு அழகும் சேரும். வெயில், மழை, காலம், வெளிச்சம் ஆகியவற்றுக்கு இது அடிக்கடி வரும்.

‘தி சம்மர் ஹாஸ் பீன் அன்கைண்ட் டு அஸ்.’ இந்தக் கோடை நம்மை வாட்டிவிட்டது. வேலூரை ‘வெயிலூர்’ என்று சொல்பவர்கள் இந்த வாக்கியத்தை ஒவ்வொரு மே மாதமும் பயன்படுத்தலாம்.

‘தி ரெயின் வாஸ் அன்கைண்ட் டு தி கிரவுண்ட்நட் ஃபார்மர்ஸ்.’ மழை வேர்க்கடலை விவசாயிகளைக் கைவிட்டுவிட்டது. பெய்யாமல் கெடுத்தாலும், அறுவடை நேரத்தில் பெய்து கெடுத்தாலும் இது பொருந்தும்.

‘தி இயர்ஸ் ஹாவ் பீன் அன்கைண்ட் டு ஹிம்.’ காலம் அவரை உருக்குலைத்துவிட்டது. இதை அவர் இல்லாத இடத்தில் வருத்தத்தோடு சொல்லலாம். அவர் முகத்துக்கு நேரே சொன்னால் சொல்பவரே ‘அன்கைண்ட்’ ஆகிவிடுவார்.

‘நாட் அன்கைண்ட்’ என்பதும் ‘கைண்ட்’ என்பதும் ஒன்றா?

ஒன்று இல்லை. ‘ஷி வாஸ் நாட் அன்கைண்ட்’ என்றால், அவர் அப்படியொன்றும் பரிவில்லாதவர் அல்லர் என்று பொருள். கொஞ்சம் விலகி நின்றாலும் மோசமாக நடந்துகொள்ளவில்லை என்ற சாயல் அதில் இருக்கும். ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால் நேராக ‘ஷி வாஸ் கைண்ட்’ என்று சொல்லுங்கள். மறுபக்கம், ‘தட் வாஸ் நாட் வெரி கைண்ட்’ என்பது ‘தட் வாஸ் அன்கைண்ட்’ என்பதன் மென்மையான வடிவம். மேலதிகாரியிடமோ வயதில் மூத்தவரிடமோ சொல்ல நேரும்போது நான் இதையே பரிந்துரைக்கிறேன். ‘எ பிட் அன்கைண்ட்’ என்பதும் அதே வேலையைச் செய்யும்.

இதன் பெயர்ச்சொல் என்ன? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பெயர்ச்சொல் ‘அன்கைண்ட்னெஸ்’. அண்டங்காக்கைக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஆன் அன்கைண்ட்னெஸ் ஆஃப் ரேவன்ஸ்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு; வினாடி வினாவுக்குத் தவிர வேறெங்கும் அது தேவைப்படாது.

சொல்லின் வேர் அதைவிடச் சுவையானது. ‘கைண்ட்’ என்பது ‘கின்’ என்ற சொல்லோடு வேரில் ஒன்று. ‘கின்’ என்றால் உறவினர். தன் இனத்தாரிடம் இயல்பாக எப்படி நடந்துகொள்வோமோ அப்படி நடப்பதே ‘கைண்ட்’ என்று தொடங்கியது; ‘வகை’ என்று பொருள்படும் ‘கைண்ட்’ என்ற பெயர்ச்சொல்லும் அதே குடும்பம்தான். இடைக்கால ஆங்கிலத்தில் ‘அன்கைண்ட்’ என்றால் ‘இயல்புக்கு மாறான’ என்ற பொருளும் இருந்தது. தமிழிலும் ‘கேள்’ என்றால் உறவு, அதிலிருந்து ‘கேண்மை’. இரண்டு மொழிகளுக்கும் இதில் தொடர்பு எதுவும் இல்லை என்றாலும், உறவிலிருந்தே பரிவுக்குச் சொல் எடுத்ததில் இரண்டும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. பிள்ளைகள் மூத்த பெற்றோரைக் கவனிக்காமல் விடுவதை ஆங்கிலத்தில் ‘அன்கைண்ட்’ என்று சொல்லும்போது, எனக்கு அந்தப் பழைய பொருளும் சேர்ந்தே கேட்கிறது.

புகார்க் கடிதத்தில் இந்தச் சொல்லை எழுதலாமா?

எழுதலாம், ஆனால் ஒரே ஒரு முறை எழுதுங்கள், நடந்ததைச் சொன்ன பிறகு எழுதுங்கள். நடந்ததைச் சொல்லாமல் ‘யுவர் ஸ்டாஃப் இஸ் வெரி அன்கைண்ட்’ என்று தொடங்கினால், படிப்பவர் அங்கேயே தற்காப்புக்குப் போய்விடுவார். மருத்துவமனை, வங்கி, அலுவலகம் எதுவானாலும் இந்த அமைப்பு பொருந்தும்:

‘திஸ் மார்னிங் மை மதர் ஆஸ்க்டு தி சேம் கொஸ்டின் ட்வைஸ், பிகாஸ் ஷி கேனாட் ஹியர் வெல். தி பெர்சன் அட் தி கவுன்ட்டர் லாஃப்டு அட் ஹர். ஐ ஃபெல்ட் தட் வாஸ் அன்கைண்ட்.’

என் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காததால் இன்று காலை ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டார், கவுன்ட்டரில் இருந்தவர் அவரைப் பார்த்துச் சிரித்தார், அது பரிவற்ற செயல் என்று உணர்ந்தேன் என்பதே இதன் பொருள். ‘ஐ ஃபெல்ட்’ என்று தொடங்குவதால் சண்டைக்கு இடமில்லை. ஆனால் நடந்ததும் மறைக்கப்படவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். மிரட்டல், பாலியல் சீண்டல், சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துதல் ஆகியவற்றுக்கு இந்தச் சொல் போதவே போதாது. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிறர் அறியும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதை மென்மையாக ‘அன்கைண்ட்’ என்று எழுதிக் கொடுத்தால் புகாரின் வலுவே போய்விடும். அங்கே நடந்ததை அதன் உண்மையான பெயராலேயே எழுத வேண்டும்.

குழந்தைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

‘டோன்ட் பி அன்கைண்ட் டு யுவர் சிஸ்டர்’ என்பதிலிருந்து தொடங்குங்கள். ‘பி’ என்பதை விட்டுவிட்டு ‘டோன்ட் அன்கைண்ட்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள்; அதை மட்டும் திருத்தினால் போதும். ‘யூ ஆர் எ பேட் கேர்ள்’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘தட் வாஸ் அன்கைண்ட், கண்ணு’ என்று சொல்லிப் பாருங்கள். என்ன செய்தோம் என்று குழந்தை யோசிக்கத் தொடங்கும்.

கடுமையாகப் பேசியது நானாக இருந்தால் என்ன சொல்வது?

‘தட் வாஸ் அன்கைண்ட் ஆஃப் மி. ஐ ஆம் சாரி.’ இதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டாம். ‘இஃப் ஐ வாஸ் அன்கைண்ட்’ என்று தொடங்கினால், அப்படி நடந்திருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற தொனி வந்துவிடும். அது மன்னிப்பு ஆகாது.

இதை நான் சொல்ல வேண்டி வந்தது ஒரு முறை. ஐம்பது வயதைக் கடந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். பாகாயம் பக்கத்திலிருந்து கடைசிச் சவாரியை முடித்துவிட்டு, காக்கிச் சட்டையோடு நேராக வந்து பின் வரிசையில் உட்காருவார். ஒரு நாள் கரும்பலகையில் இருந்த வாக்கியத்தைப் படிக்க அவருக்கு நேரமானது. எனக்கும் அன்று அசதி. ‘இதைக்கூட வீட்டில் ஒரு முறை பார்த்துவிட்டு வரக்கூடாதா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் நோட்டை மூடினார். அந்த நோட்டு மூடிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு கையாலும், சத்தம் வராமல் மூடினார்.

அடுத்த வகுப்பில் எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, அவரைப் பார்த்து மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களையும் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து முதல் வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினார். ‘ஆஃப் மி’ என்பதன் கீழே ஒரு கோடு போட்டார்.

‘இங்க ஆஃப் வர்றது, நீங்க செஞ்சதாலயா டீச்சர்?’ என்று கேட்டார்.

‘ஆமாங்க ஐயா, நான் செய்ததால்தான்’ என்றேன்.